டூம்டவுன் பெட்டியைப் பிரித்தாயிற்று, எங்கே தொடங்குவது?

ஜூன் 7

கேள்வி இதுதான்: "டூம்டவுன் ரீலோடட் வாங்கிவிட்டேன். விதிப்புத்தகத்தைப் படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. ரம்மி தவிர வேறு சீட்டாட்டம் தெரியாது. போக்கரை முதலில் கற்றுக்கொண்டு வர வேண்டுமா?"

வேண்டாம். டூம்டவுன் என்பது பழைய அமெரிக்க மேற்கில் ஒரு ஊரைப் பிடிக்கக் கூட்டங்கள் மோதிக்கொள்கிற சீட்டாட்டம். போக்கர் தெரியாதவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், தெரிந்தவர்களைவிட அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டதும் உண்டு. டூம்டவுன் கஷ்டமான ஆட்டம் என்று எல்லோரும் சொல்வதை நான் முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. சொல்லிக்கொடுக்கிற வரிசைதான் கஷ்டம். பெட்டியைப் பிரித்ததும் நேரே துப்பாக்கிச் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். அட்டையெல்லாம் தொப்பியும் துப்பாக்கியுமாக இருக்கும்போது ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இந்த ஆட்டத்தின் விதிகள் அத்தனையும் ஒன்றாக வந்து குவிகிற இடம் அந்தச் சண்டை. புதிதாக வருபவர் அங்கே திணறாமல் வேறென்ன செய்வார்?

முதல் வேலை, எந்தச் சீட்டை எடுத்தாலும் அதில் எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள். மூலையைப் பாருங்கள். ஒரு எண், ஒரு சின்னம் இருக்கும். இஸ்பேட் என்றால் அது ஒரு ஆள். டைமன் என்றால் ஊரில் எழுப்பும் கட்டடமோ நிலமோ. ஆட்டின் என்றால் துப்பாக்கி, குதிரை, மந்திரம் மாதிரி ஆளின் மேல் ஏற்றுகிற பொருள். கிளாவர் என்றால் ஒரு தடவை செய்துவிட்டுத் தூக்கிப்போடுகிற காரியம். அவ்வளவுதான். உங்கள் கட்டில் 52 சீட்டுகள், விரும்பினால் 2 ஜோக்கர் வரை. கணக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அது சாதாரணச் சீட்டுக்கட்டின் கணக்கேதான். ஊரை நடத்துவதும் அந்தக் கட்டுதான், சண்டை வந்தால் கையில் எடுத்து ஆடுவதும் அதே கட்டுதான். இது மனதில் ஏறாதவரை மற்றதைப் படித்துப் பிரயோஜனம் இல்லை.

ஜூன் 7, இரவு

கதை தெரியாமல் ஆடலாமா என்று இன்னொருவர். ஆடலாம், ஆனால் கொஞ்சம் தெரிந்தால் ருசி கூடும். டெட்லேண்ட்ஸ் என்று 1996இல் ஷேன் லேசி ஹென்ஸ்லி உருவாக்கிய, ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாக ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு, அதன் உலகத்தில்தான் இது நடக்கிறது. அந்த உலகத்தில் 1868இல் ஒரு பெரும் பூகம்பம் கலிஃபோர்னியாவை உடைத்துத் தண்ணீரும் பாறையுமாக ஆக்கிவிடுகிறது, உடைந்த பாறைக்குள்ளிருந்து கோஸ்ட் ராக் கிடைக்கிறது. நிலக்கரியைவிடச் சூடாக எரியும், எரியும்போது அலறும். அதற்காக அடித்துக்கொள்கிற ஊர்தான் கொமோரா. ஆட்டத்தில் பணமும் அதே கோஸ்ட் ராக்தான்.

ஜூன் 9

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், விதிப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

காலையில் சூதாட்டம். எல்லோரும் ஆளுக்கு ஒரு கோஸ்ட் ராக் நடுவில் வைத்துத் தன் கட்டிலிருந்து ஐந்து சீட்டு எடுக்க வேண்டும். இதில் ஆக மட்டமான கை உள்ளவருக்குத்தான் பணம் முழுவதும், அன்றைக்கு முதலில் ஆடுவதும் அவரே. இதற்கு லோபால் என்று பேர். அடுத்து வரவு செலவு: கட்டடங்கள் தரும் வருமானத்தை வாங்கிக்கொண்டு, கூலி கேட்கிற ஆட்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு நண்பகல். ஆட்டத்தின் பெரும்பகுதி இதுதான், மாறி மாறி ஆளுக்கு ஒரு காரியமாகச் செய்துகொண்டே போவோம், எல்லோரும் வரிசையாகப் போதும் என்று சொல்லும்வரை. கடைசியில் அந்தி, யாராவது ஜெயித்தார்களா என்று பார்த்துவிட்டு, விருப்பமிருந்தால் ஒரு சீட்டைக் கழித்து, கையை ஐந்தாக நிரப்பிக்கொண்டு அடுத்த நாளுக்குப் போவோம்.

முதல் ஆட்டத்தில் லோபாலை மட்டும் நன்றாக ஆடுங்கள். போக்கர் கைகளின் வரிசை அதிலேயே தானாகப் படிந்துவிடும். ஒன்றும் சேராத கைக்கு தரம் 1, ஒரு ஜோடி 2, இரண்டு ஜோடி 3, ஒரே எண் மூன்று 4, ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து எண்) 5, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) 6, ஃபுல் ஹவுஸ் (ஒரு எண் மூன்று, இன்னொரு எண் இரண்டு) 7, ஒரே எண் நான்கு 8, ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் வரிசையாக ஐந்து) 9, ஒரே எண் ஐந்து 10. பதினொன்றாவது ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்கிறேன். இந்த எண்களைத் துண்டுத்தாளில் எழுதி மேசையில் வைத்தால் போதும், மனப்பாடம் தேவையில்லை.

ஜூன் 10

ரம்மி மட்டும்தான் தெரியும் என்றீர்களே, அது உங்களுக்குப் பெரிய பலம். இரண்டு கட்டு வைத்து 13 சீட்டு ரம்மி ஆடும்போது இஸ்பேட் எட்டு, ஆட்டின் எட்டு, மறுபடியும் இஸ்பேட் எட்டு என்று செட் வைத்தால் ஒத்துக்கொள்வார்களா? மாட்டார்கள். ஒரே எண்ணாக இருந்தாலும் சின்னம் வேறு வேறாக இருக்க வேண்டும். டூம்டவுனில் நேர்மையான கை என்பதும் அதேதான். எண்ணும் சின்னமும் இரண்டுமே ஒன்றாக உள்ள சீட்டு ஒரு கையில் இரண்டு வந்துவிட்டால் அது ஏமாற்றுக் கை.

வித்தியாசம் என்னவென்றால் இங்கே ஏமாற்றுக் கை செல்லும்! வைத்து ஜெயிக்கலாம். ஆனால் எதிராளியிடம் அதற்கென்று பதிலடிச் சீட்டு இருந்தால் அந்த நேரத்தில் போட்டுத் தாக்கலாம். கையின் தரத்தைக் குறைப்பது, ஆளைச் சாய்ப்பது (அதாவது அவர் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பது) என்று பல வகை உண்டு. அவரிடம் இருக்கிறதா இல்லையா என்பது வைக்கும்போது உங்களுக்குத் தெரியாது. இந்த ஆட்டத்தில் என் வயிற்றைக் கலக்குகிற இடம் எது என்று கேட்டால் சண்டையைவிட இதைத்தான் சொல்வேன். கையில் நேர்மையான இரண்டு ஜோடியும் இருக்கிறது, ஏமாற்றினால் ஒரே எண் நான்கும் வைக்க முடியும், எதிரே இருப்பவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதை வைப்பது?

லோபாலிலும் ஏமாற்றுக் கை வரும், பதிலடியும் விழும். அதை மறந்துவிட வேண்டாம்.

ஜூன் 14

துப்பாக்கிச் சண்டையைத் தள்ளிப்போடுங்கள் என்று 7ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்கா மகள் லீவுக்கு வந்திருக்கிறாள், பதினைந்து வயசு. லோபால், வருமானம், கட்டடம் எல்லாம் பொறுமையாகச் செய்தாள். பிறகு, "மாமா, இத்தனை பேர் துப்பாக்கியோட நிக்கிறாங்க, எப்பதான் சுடுவாங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆசையை அடக்கிவைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஆட்டத்தின் உயிர் போய்விடும். அதனால் இப்போது என் யோசனை, சண்டையை முதல் ஆட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு பேரும் கையைத் திறந்து மேசைமேல் பரப்பி ஆட வேண்டும். மந்திரம், விஞ்ஞானிகளின் கருவி, இதெல்லாம் முதல் ஆட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

அவளோடு ஆடிய முதல் சண்டையை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு உதவும்.

ஊர் நடுவே சதுக்கத்தில் என் ஆள் ஒருவனும் அவள் ஆள் ஒருத்தனும் நின்றார்கள். நான் அவனைச் சண்டைக்கு அழைத்தேன். மறுக்கலாம், மறுத்தால் அவன் சாய்ந்தபடி வீட்டுக்குப் போக வேண்டும். அவள் ஏற்றுக்கொண்டாள். பிறகு ஆள் சேர்க்கை. அதே இடத்தில் இருப்பவர்கள் சும்மாவே சேரலாம், பக்கத்து இடத்தில் இருப்பவர் சீட்டைச் சாய்த்துவிட்டு வர வேண்டும். என் பக்கம் இரண்டு பேர், அவள் பக்கம் இரண்டு பேர்.

இப்போது ஆட்களின் சீட்டில் இருக்கும் தோட்டா எண். இதில் இரண்டு வகை: ஸ்டட், டிரா. ஸ்டட் எத்தனையோ அத்தனை சீட்டு ஐந்துக்கு மேல் கூடுதலாக எடுக்கலாம். டிரா எத்தனையோ அத்தனை சீட்டைத் தள்ளிவிட்டு வேறு வாங்கலாம். கூட்டத்தில் ஒருவரைத் தலையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவருடைய எண் முழுசாகச் சேரும், தோட்டா வைத்திருக்கும் மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றுதான் தருவார்கள். என் தலைவன் ஸ்டட் 3, கூட வந்தவன் டிரா 1. ஆக நான் எட்டுச் சீட்டு எடுத்தேன், அதில் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். அவள் தலைவி டிரா 2, கூட ஸ்டட் 1. ஆறு சீட்டு எடுத்து இரண்டை மாற்றலாம். எட்டோ ஆறோ, கடைசியில் காட்டுவது ஐந்துதான்.

நான் வைத்தது மூன்று ஆறும் இரண்டு ஜாக்கும், ஐந்தும் வேறு வேறு. ஃபுல் ஹவுஸ், தரம் 7. அவள் ஐந்திலிருந்து ஒன்பது வரை ஸ்ட்ரெயிட், தரம் 5. வித்தியாசம் 2, அதுதான் அவள் பக்கம் விழுகிற சேதம்.

சேதத்தைக் கட்ட இரண்டு வழி. ஆளைக் கழிவுக் குவியலுக்கு அனுப்பினால் ஒன்று கழியும். பூட் ஹில், அதாவது சுடுகாட்டுக்கே அனுப்பினால் இரண்டு கழியும். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். இரண்டு பேரையும் கழித்தால் இன்று சதுக்கம் காலி, ஆனால் கட்டு தீர்ந்து திரும்பக் கலைக்கும்போது அவர்கள் மறுபடி வரலாம். ஒருவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பினால் இன்னொருவர் இன்றே மிஞ்சுவார், ஆனால் போனவர் போனவர்தான். தலைவியைக் காப்பாற்றிக் கூட வந்தவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பினாள். சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கவனித்தீர்களா, இந்தச் சண்டையில் எந்தச் சீட்டின் எழுத்தையும் நாங்கள் படிக்கவில்லை. மூலை எண்ணும் தோட்டா எண்ணும் போதும்.

ஜூன் 14, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. கட்டு சீக்கிரம் தீரும். லோபாலுக்கு ஐந்து, சண்டைக்கு எட்டு என்று எடுத்துக்கொண்டே இருப்பதால் நல்ல சீட்டு கண்முன்னே கழிவுக்குப் போகும். பதறாதீர்கள், குவியலைக் கலைத்துத் திரும்ப அடுக்குவதும் ஆட்டத்தின் இயல்புதான்.

ஜூன் 17

பதினொன்றாம் தரம் எது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். செத்தவன் கை. இஸ்பேட் ஏஸ், கிளாவர் ஏஸ், இஸ்பேட் எட்டு, கிளாவர் எட்டு, கூட டைமன் ஜாக். போக்கர் கணக்கில் வெறும் இரண்டு ஜோடி, இங்கே எல்லாவற்றுக்கும் மேல்.

இதன் பின்னால் இருப்பது நிஜ மனிதர். வைல்ட் பில் ஹிக்காக் என்கிற துப்பாக்கி வீரர், 1876 ஆகஸ்ட் 2ஆம் தேதி அமெரிக்காவின் டெட்வுட் என்கிற ஊரில் ஒரு மதுக்கடையில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சுவர் பக்கம் முதுகைக் கொடுத்து உட்காருகிறவர், அன்றைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஜாக் மெக்கால் என்பவன் பின்னாலிருந்து தலையில் சுட்டான். கையில் கறுப்பு ஏஸும் கறுப்பு எட்டும் இருந்தன என்று பிற்பாடு பரவிய கதை. ஐந்தாவது சீட்டு என்ன என்பதில் ஆளுக்கு ஒரு பேச்சு உண்டு, டூம்டவுன் டைமன் ஜாக்கை எடுத்துக்கொண்டது. மெக்காலை டெட்வுட்டில் சுரங்கத் தொழிலாளர்கள் கூடிய நீதிமன்றம் முதலில் விட்டுவிட்டது. அது சட்டப்படி அமைந்த நீதிமன்றமே இல்லை என்று யாங்க்டனில் மறுபடி விசாரித்து 1877 மார்ச் 1ஆம் தேதி தூக்கிலிட்டார்கள்.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அந்தக் கையைச் சேர்த்துப் பாருங்கள், மயிர்க்கூச்செறியும். சேர்ப்பதும் லேசு இல்லை. கறுப்பு எட்டும் ஏஸும் என்றால் ஆட்களும் காரியங்களும்தான், கட்டடம் அந்த ஜாக் ஒன்றே. இதற்காகவே கட்டு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஜூன் 21

கட்டு கட்டுவது, அதாவது நம் 52 சீட்டையும் நாமே தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது. இது நிஜமாகவே கஷ்டம், முதல் நாள் நான் சொன்ன "வரிசைதான் கஷ்டம்" இதற்குப் பொருந்தாது. ஆனால் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ரசிக்க முடியும்.

சாதாரணச் சீட்டுக்கட்டில் ஒவ்வொரு எண்ணும் நான்கு. அதில் ஐந்து எடுத்தால் கிட்டத்தட்டப் பாதித் தடவை ஜோடிகூட வராது, ஃபுல் ஹவுஸ் ஆயிரத்தில் ஒன்றரைத் தடவைக்கும் கொஞ்சம் குறைவு. டூம்டவுனில் ஒரே எண்ணும் ஒரே சின்னமும் உள்ள சீட்டை நான்குவரை வைக்கலாம், சின்னம் நான்கு, ஆக ஒரு எண்ணில் பதினாறு சீட்டு. மூன்று எண்களை இப்படி நிரப்பினால் 48. இப்போது யோசியுங்கள், எடுக்கிற ஐந்தும் அந்த மூன்று எண்களுக்குள்ளேயே விழுந்தால் ஆக மட்டமாக வருவதே இரண்டு ஜோடி. அதற்குக் கீழே போகவே முடியாது. இரண்டு மூன்று சீட்டு கூடுதலாக எடுக்கிற ஸ்டட் ஆள் இருந்தால் ஃபுல் ஹவுஸ் சர்வசாதாரணம்.

அப்படியானால் எல்லோரும் அப்படியே கட்டிவிடலாமே? கூடாது, காலையில் லோபால் இருக்கிறதே! அங்கே மட்டமான கைதான் ஜெயிக்கும். இந்தக் கட்டோடு தினமும் காலையில் ஒரு கோஸ்ட் ராக் கொடுத்துவிட்டுத்தான் நாளைத் தொடங்குவீர்கள், முதலில் ஆடும் வாய்ப்பும் எதிராளிக்குப் போகும். கூடவே ஒரே சீட்டு நாலு நாலாக இருப்பதால் ஏமாற்றுக் கைகள் குவியும். அதைக் குறைக்க வேண்டும் என்றால் அதே எண்ணில் நான்கு சின்னமும் கலந்து இருக்க வேண்டும், அதாவது ஆள், கட்டடம், பொருள், காரியம் நான்கும் கலந்த கட்டாக இருக்க வேண்டும். நேர்மையாகச் சுட விரும்புகிறவர் சமநிலையான ஊரையும் கட்டியாக வேண்டும் என்று விதியே வேலை செய்கிறது, யாரும் உபதேசம் பண்ணவில்லை. இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் இந்த ஆட்டத்தை யோசித்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது.

ஆக ஒரு சீட்டை எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இது நல்ல சீட்டா என்பது மட்டும் இல்லை. என் எண்களில் ஒன்றா? அபாரமான எழுத்து உள்ள நான்கு, உங்கள் கட்டு ஆறும் ஒன்பதும் ஜாக்குமாக இருந்தால், சண்டையில் வெறும் பாரம்.

ஜூன் 22

மந்திரக்காரர்களுக்கும் இதே மூலை எண்தான். மந்திரம் போட கட்டின் மேல்சீட்டை இழுத்து அதன் எண்ணோடு ஆளின் திறமையைக் கூட்ட வேண்டும், மந்திரத்தின் கஷ்ட எண்ணை எட்டினால் பலிக்கும். கஷ்டம் 8, திறமை 2 என்றால் ஆறோ அதற்கு மேலோ வர வேண்டும். ஏஸ் வெறும் 1, ராஜா 13. அதனால் மந்திரக் கட்டுகள் பெரிய எண்களைத் தேடிப் போகும்.

ஜூன் 26

"பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா?" வேண்டாம். 1998இல் வந்த பழைய டூம்டவுன் உறையைப் பிரித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் வகை, அரிய சீட்டுக்குச் செலவு ஏறும். 2014இல் ஏ.இ.ஜி. என்கிற நிறுவனம் புதுசாகக் கொண்டுவந்த ரீலோடட் அப்படி இல்லை, ஒவ்வொரு விரிவுப் பெட்டியிலும் இன்ன சீட்டு இருக்கும் என்று நிச்சயம். 2016இல் அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தபோது, ஆடிக்கொண்டிருந்த ரசிகர்களே பைன் பாக்ஸ் எண்டர்டெயின்மெண்ட் என்று ஆரம்பித்து, உரிமை வாங்கி, மேலே சீட்டுகள் வெளியிட்டார்கள். ஒரு ஆட்டத்தை இவ்வளவு நேசிக்கிற கூட்டம் கிடைப்பது அபூர்வம்.

அடிப்படைப் பெட்டியிலேயே ஆளுக்கு ஒன்றாக எடுத்து ஆட நான்கு கூட்டங்கள் உண்டு: லா டாக்ஸ், ஸ்லோன் கேங், மார்கன் கேட்டில் கம்பெனி, ஃபோர்த் ரிங். முதல் ஆட்டத்துக்கு லா டாக்ஸும் ஸ்லோன் கேங்கும் எடுங்கள், போலீசும் திருடனும் என்று சொன்னாலே யாருக்கும் புரியும். ஃபோர்த் ரிங் மந்திரம் சார்ந்தது, பிறகு பார்க்கலாம்.

ஜூலை 2

நண்பர் ஒருவர் சண்டையெல்லாம் ஜெயித்தும் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். அவருக்காக இது.

சுட்டுத் தள்ளினால் வெற்றி என்று எந்த விதியும் இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் செல்வாக்கு எண் உண்டு, கட்டடங்களுக்குக் கட்டுப்பாட்டு எண் உண்டு. அந்தியில் உங்கள் கட்டுப்பாடு எதிராளியின் மொத்தச் செல்வாக்கைவிட அதிகமாக இருந்தால் ஜெயித்தீர்கள். நீங்கள் கட்டிய கட்டடத்துக்குள் எதிராளி உங்களைவிட அதிகச் செல்வாக்கோடு வந்து நின்றால் அது அவர் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும், சமமாக இருந்தால் உங்களுடையதுதான்.

உதாரணத்துக்கு உங்கள் கட்டுப்பாடு 4, எதிராளியின் செல்வாக்கு 6. இரண்டு வழி இருக்கிறது. மேலே கட்டிக்கொண்டே போய் 7 ஆக்கலாம். இல்லையென்றால் செல்வாக்கு 3 உள்ள ஒரே ஒரு ஆளைச் சுட்டு வீழ்த்தலாம், எதிராளி 3க்கு இறங்குவார், உங்களுடைய 4 போதும். நண்பர் என்ன செய்கிறார் என்றால் தோட்டா அதிகம் உள்ள முரடர்களாகப் பார்த்துச் சுடுகிறார். அவர்களில் பலருக்குச் செல்வாக்கே கிடையாது! சுட வேண்டியது ஓரமாக நிற்கிற, துப்பாக்கி பிடிக்கத் தெரியாத ஊர்ப் பெரிய மனிதரை. அவரைப் பாதுகாக்க எதிராளி முரடர்களைக் கூட்டிவருவார், அப்போது சண்டை அர்த்தமுள்ள சண்டையாகிறது.

ஜூலை 5

நாலு பேர் ஆடும்போது, எதிராளிகள் ஒவ்வொருவரின் செல்வாக்கையும் உங்கள் கட்டுப்பாடு தனித்தனியாகத் தாண்ட வேண்டும், கூட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் முதலில் இரண்டு பேராகவே ஆடுங்கள். நாலு பேர் உட்கார்ந்தால் ஒருவர் சுடுவார், ஒருவர் சாவார், மற்ற இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு கட்டடம் எழுப்பி ஜெயித்துவிடுவார்கள். அதுவும் ஒரு வித்தைதான், ஆனால் கற்றுக்கொள்கிற நேரத்தில் அது குழப்பும்.

அக்கா மகள் சனிக்கிழமை மறுபடி வருகிறாள். இந்தத் தடவை கையை மூடி ஆடுவதாக ஒப்பந்தம், ஃபோர்த் ரிங் அவளுக்கு வேண்டுமாம்.